சுருதி இருக்கு, பாட ஆளைக் காணோம்

டீ சொல்லியாச்சு, வருவதற்குள் ஒரு கேள்வி. ‘நாளைய மனிதன்’ பார்த்த நினைவு இருக்கிறதா? 1989இல் வேலு பிரபாகரன் இயக்கிய படம். செத்தவர்களை எழுப்ப மருந்து கண்டுபிடிக்கும் டாக்டராக ஜெய்சங்கர். அந்த மருந்தில் எழுந்து வந்து ஆட்களைக் கொல்லும் பிணமாக அஜய் ரத்னம். இசை பிரேமி–ஸ்ரீனி. அடுத்த வருடமே ‘அதிசய மனிதன்’ என்று அதன் தொடர்ச்சியும் வந்தது. விஞ்ஞானமும் பேயும் ஒரே வீட்டில் குடியிருக்கும் தமிழ்ப் படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த எண்ணிக்கையில் இந்த இரண்டையும் விட்டுவிட முடியாது.

இந்த மாதிரிப் படம் என்று சொன்ன உடனேயே காதுக்குள் ஒரு சத்தம் ஓட ஆரம்பித்திருக்குமே? அடியில் ‘ம்ம்ம்ம்’ என்று ஒரு முனகல். அதற்கு மேலே எங்கிருந்தோ ‘ஊ...ய்’ என்று ஒரு இழுப்பு. வயலின் என்றும் சொல்ல முடியாது, புல்லாங்குழல் என்றும் சொல்ல முடியாது. அதுதான் சிந்தசைசர். தமிழோ இந்தியோ ஆங்கிலமோ, எண்பதுகளில் குறைந்த செலவில் எடுத்த பேய்ப்படம் என்றால் இந்தச் சத்தம் இல்லாமல் இருப்பது அபூர்வம். ஏன் அப்படி?

காசு இல்லாததால் என்பார்கள். பாதி சரி. காசு இல்லாததால் உள்ளே வந்த வாத்தியம், காசு வந்த பிறகும் ஏன் வெளியே போகவில்லை என்பதுதான் மீதிப் பாதி. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

முதலில் காசுக் கணக்கை முடித்துவிடுவோம். படம் எடுத்து, வெட்டி ஒட்டி, வசனம் சேர்த்த பிறகு பின்னணி இசை சேர்ப்பார்கள். கோடம்பாக்கத்தில் ரீ-ரெக்கார்டிங், சுருக்கமாக ஆர்.ஆர். வாசிக்கிறவர்களுக்குக் கால்ஷீட் கணக்கில் சம்பளம். நாற்பது பேர் உட்கார்ந்தால் நாற்பது சம்பளம். அதற்கு மேல் ஸ்டூடியோ வாடகை, நோட்ஸ் எழுதுகிறவர், கண்டக்டர், சாப்பாடு. ஏற்கெனவே வட்டிக்கு வாங்கிப் படத்தை முடித்த தயாரிப்பாளரின் தலையில் கடைசியாக வந்து விழும் செலவு இது. அந்த நேரம் பார்த்து ஒருவர் கீபோர்டோடு வந்து, ‘அடியில முனகுறதும் நானே, மேல இழுக்குறதும் நானே’ என்றால் வேண்டாம் என்றா சொல்லுவார்?

அமெரிக்காவிலும் இதே கதைதான். ஜான் கார்ப்பென்டர் கல்லூரியில் தொடங்கி ஏறத்தாழ 60,000 டாலரில் முடித்த விண்வெளிப் படம் ‘டார்க் ஸ்டார்’ 1974இல் வந்தது. இசை யார்? அவரே. 1978இல் சுமார் 3 லட்சம் டாலரில் ‘ஹாலோவீன்’. அதற்கும் அவரே, மூன்று நாளில் இசையை முடித்தார். இசை சேர்க்காத பிரதியைப் பார்த்த ஸ்டூடியோ அதிகாரி ஒருவர், பயமே வரவில்லை என்று கையை விரித்துவிட்டாராம். இதைக் கார்ப்பென்டரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். இசை சேர்ந்த பிறகு அதே படம் உலகத்தையே நடுங்க வைத்தது.

நம் பக்கத்துக்கு மின்னணு வாத்தியம் வந்த விதம் இன்னும் சுவாரசியம். 1954இல் ‘நாகின்’ என்ற இந்திப் படம். இசை ஹேமந்த் குமார். அதில் வரும் மகுடி, மகுடியே இல்லை. கிளாவியோலின் என்ற மின்னணுக் கருவியில் கல்யாண்ஜி வாசித்தது. வால்வு வைத்த சின்னக் கீபோர்டு அது. ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். பாம்புப் படம் என்றால் மகுடி இப்படித்தான் ஒலிக்க வேண்டும் என்று நம் காதில் பதிந்துபோனதற்கு அந்தக் கருவிதான் காரணம். 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு ஒரு மூக் சிந்தசைசரே வந்து இறங்கியது. அதில் ஜின்ராஜ் ஜோஷிபுரா என்பவர் ‘ஸ்பேஸ் லைனர் 2001’ என்று ஒரு விண்வெளிப் பயணத்தையே ஒலியில் செய்து பார்த்தார். அந்த டேப்புகளெல்லாம் பல வருடம் அலமாரியில் தூங்கின.

சென்னையில் கதை வேறு. மலையாளப் படங்களில் இசையமைப்பாளராகவும் பலருக்கு உதவியாளராகவும் இருந்த ஆர்.கே.சேகர், வெளிநாட்டுக் கருவிகளைத் தேடிப் பிடித்து வாங்கியவர். 1976இல் அவர் இறந்த பிறகு, அந்தக் கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் கொஞ்ச காலம் ஓடியது. பையன் பெயர் திலீப். பின்னாளில் ஏ.ஆர்.ரஹ்மான். ஒரு கீபோர்டு குடும்பத்துக்கே சோறு போடும் அளவுக்கு அன்று அரிதான பொருள். 1986இல் இளையராஜா ‘புன்னகை மன்னன்’ தீம் இசைக்கு சீக்வென்ஸரைக் கொண்டுவந்தபோது, அதை இயக்கியதிலும் திலீப்பின் கை இருந்தது.

இங்கே கொஞ்சம் நிதானியுங்கள். ‘புன்னகை மன்னன்’ காதல் படம். அந்தத் தீமைக் கேட்டு ஒருவரும் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளவில்லை. ஆக, பயம் கருவிக்குள் இல்லை. கருவியை என்ன செய்யச் சொல்கிறோம் என்பதில் இருக்கிறது. அது என்ன என்று புரிய வேண்டுமானால் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஒரு நடை போய் வரவேண்டும்.

கும்மிடிப்பூண்டியைச் சுற்றி இரும்பு உருக்குகிறவர்கள் நிறைய. ஸ்கிராப்பை இன்டக்‌ஷன் ஃபர்னஸில் உருக்கி, ரோலிங் மில்லில் கம்பியாக இழுக்கிறார்கள். அப்படி ஒரு மில்லில் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பார்க்கும் தம்பி ஒருவர் எனக்குப் பழக்கம். சினிமா இசை என்றால் கண்டபடி பேசுவோம். சிந்தசைசர் எப்படி வேலை செய்கிறது என்று அவருக்கு விளக்கப் போய், அவரிடமிருந்து நான் கற்றதுதான் அதிகம்.

டிரான்ஸ்பார்மரில் இருந்து ஆரம்பிப்போம். நம் நாட்டுக் கரன்ட் வினாடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை உச்சத்துக்குப் போகும். இரண்டு முறையும் உள்ளே இருக்கும் இரும்புத் தகடுகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் நீண்டு சுருங்கும். ஆக வினாடிக்கு 100 அதிர்வு. அதுதான் அந்த ‘ம்ம்ம்ம்’. கச்சேரிக் கணக்கில் சொன்னால், பாடகிகள் பலர் வைத்துக்கொள்ளும் ஐந்து கட்டைக்கு ஒரு ஸ்தாயி கீழே, ஒரு நூல் கூட. அமெரிக்காவில் கரன்ட் 60 சுற்று என்பதால் அங்கே 120. ஆறரைக் கட்டைக்கும் ஏழு கட்டைக்கும் நடுவே மாட்டிக்கொண்ட சுருதி. சிந்தசைசரில் ஆசிலேட்டர் என்று ஒரு பாகம் உண்டு. அதன் வேலையும் இவ்வளவுதான்: கரன்டைக் குறிப்பிட்ட வேகத்தில் ஆட்டுவது. ஸ்பீக்கர் அதைச் சத்தமாக்கும். பேய்ப்பட முனகலும் டிரான்ஸ்பார்மர் முனகலும் சொந்தக்காரர்கள்.

அடுத்தது இரட்டை மோட்டார். ஒரே ஷெட்டில் ஒரே மாதிரி இரண்டு மோட்டார் ஓடுகின்றன. ஒன்று நிமிடத்துக்கு 1,440 சுற்று, பக்கத்தில் இருப்பது லோடு கொஞ்சம் குறைவாக இருப்பதால் 1,452 சுற்று. கண்ணால் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. காது விடாது. இரண்டின் அதிர்வும் ஒன்றோடு ஒன்று சேர்ந்தும் விலகியும், ஐந்து வினாடிக்கு ஒருமுறை ‘வூ...ம், வூ...ம்’ என்று எழுந்து அடங்கும். சிந்தசைசர்க்காரர்கள் இதையே வேண்டுமென்று செய்வார்கள். இரண்டு ஆசிலேட்டரை ஒரே சுரத்தில் வைத்து, ஒன்றை மயிரிழை நகர்த்துவார்கள். சத்தத்துக்கு மூச்சு வந்துவிடும். ஆனால் அது மனிதர் விடும் மூச்சு மாதிரி இருக்காது.

மூன்றாவது, சுவர். மில்லின் காம்பவுண்டுக்கு வெளியே நின்றால் ‘தொம் தொம்’ மட்டும்தான் கேட்கும். ஷட்டரைத் தூக்கினால் கிறீச்சும் கணகணப்பும் முகத்தில் அடிக்கும். கனத்த சத்தம் சுவரைத் தாண்டிவிடும், கூர்மையான சத்தம் தாண்டாது. இந்தச் சுவரைத்தான் சிந்தசைசரில் ஒரு திருகாக வைத்திருக்கிறார்கள். பெயர் ஃபில்டர். அதை மூடி வைத்தால் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற மாதிரி; மெல்லத் திறந்தால் அது நம்மை நோக்கி வருகிற மாதிரி. திரையில் கதாநாயகி வெறும் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். கதவு அசையவே அசையாது. இசையமைப்பாளர் ஒரு திருகைக் கால் சுற்று திருப்புவார், நாம் நாற்காலியில் பின்னால் நகர்வோம். இருபது வயலின் சேர்ந்தாலும் இந்த ஒரு வேலையை இவ்வளவு சுலபமாகச் செய்துவிட முடியாது.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் தம்பி ஒன்று சொன்னார்: “அண்ணே, சத்தம் ஓடிக்கிட்டே இருந்தா எங்களுக்குப் பயமே கெடையாது. நைட் ஷிஃப்ட்ல அது பாட்டுக்கு ஓடும், நாங்க பாட்டுக்கு இருப்போம். சத்தம் மாறுச்சுன்னாத்தான் வயித்துல புளி. பேரிங் போவப்போவுதுன்னா மீட்டருக்கு முன்னாடி காது சொல்லிடும்.”

பேய்ப்பட இசையின் பாடம் மொத்தமும் இதற்குள் இருக்கிறது. ஒரு சத்தத்தை நீண்ட நேரம் மாறாமல் பிடித்து வைத்தால், மூளை அதைக் கணக்கிலிருந்து தள்ளிவிடும். இருக்கிறது என்பதே மறந்துபோகும். அப்புறம் அதில் மிகச் சின்னதாக ஒன்றை மாற்றினால் போதும், ஏன் என்று தெரியாமலே உடம்பு விறைக்கும். மாற்றுவதற்கு முன்னால் மாறாமல் இருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. மனிதர் வாசிக்கும் வாத்தியத்துக்கு அது கஷ்டம். வயலினில் வில் திரும்பியாக வேண்டும். நாதஸ்வரக்காரர் மூச்சு எடுத்தாக வேண்டும். திரும்பும் இடமும் மூச்சு எடுக்கும் இடமும் நாம் அறியாமலே ஓர் ஆறுதல், அங்கே ஓர் ஆள் இருக்கிறார் என்ற ஆறுதல். சிந்தசைசரில் ஒரு கட்டையை அமுக்கிப் பிடித்தால் மறுநாள் காலை வரைக்கும் அதே சத்தம். ஆள் இருப்பதற்கான அடையாளமே கிடையாது.

நீங்கள் கேட்கலாம்: மாறாமல் ஒலிக்கும் சத்தம் நமக்கென்ன புதிதா, கச்சேரியில் தம்பூரா இல்லையா, சுருதிப்பெட்டி இல்லையா? நல்ல கேள்வி. சுருதிப்பெட்டியையே மின்னணுவில் கொண்டுவந்தவர்கள் நம்மவர்கள். பெங்களூரில் ராஜ் நாராயண் 1979இல் செய்த ரேடல் பெட்டி இன்று எத்தனையோ வீட்டுப் பூஜையறையில் ஓடுகிறது. அதுவும் களைக்காமல் ஒலிக்கும் மின்னணுச் சத்தம்தான். அதைக் கேட்டு மனசு அடங்குகிறதே தவிர, நடுங்கவில்லை.

காரணம் இரண்டு. ஒன்று கணக்கு. சுருதிப்பெட்டியில் ஸட்ஜமும் பஞ்சமமும் 2:3 என்ற எளிய விகிதத்தில் கைகோர்த்து நிற்கும். உரசல் இல்லை. பேய்ப்படக்காரர் ஸட்ஜத்தை 100 அதிர்வில் வைத்து, பக்கத்திலேயே சுத்த ரிஷபத்தை 106இல் வைப்பார். இரண்டும் வினாடிக்கு ஆறு தடவை முட்டிக்கொண்டு உறுமும். ஆனால் சுத்த ரிஷபம் என்ன பாவம் செய்தது? மாயாமாளவகௌளையில் குழந்தைகள் முதல் பாடமாகப் பாடுவது அதே ரிஷபத்தைத்தானே? அங்கே அது வந்த வழியே ஸட்ஜத்துக்குத் திரும்பிவிடும். பேய்ப்படத்தில் திரும்பாது. அங்கேயே நிற்கும்.

இரண்டாவது காரணம் பழக்கம். சுருதி ஒலிக்கிறது என்றால் யாரோ பாடப் போகிறார்கள் என்று நம் காதுக்குத் தெரியும். பாடகர் கனைத்துக்கொள்வார், ராகம் வரும். பேய்ப்படத்தில் சுருதி மட்டும் ஓடும். பத்து வினாடி, இருபது வினாடி, ஒரு நிமிடம். பாட ஆள் வருவதில்லை. சபாவில் விளக்கை அணைத்துவிட்டு, சுருதியை மட்டும் போட்டுவிட்டு எல்லோரும் போய்விட்டால் எப்படி இருக்கும்? அதுதான் அந்தச் சத்தம்.

களைக்காத தாளமும் இதே குடும்பம். ‘ஹாலோவீன்’ தீம் ஐந்து எண்ணிக்கை. கார்ப்பென்டரின் அப்பா இசைப் பேராசிரியர். சின்ன வயதில் பாங்கோவில் அந்த ஐந்தை மகனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அதன் அடியைச் சொற்கட்டாகச் சொன்னால் ‘தகிட தகிட தக தக’. ஐந்தின் இரட்டிப்பு, பத்து. 1984இல் ஜேம்ஸ் கேமரூனின் ‘தி டெர்மினேட்டர்’ வருகிறது. ஹாலிவுட் கணக்கில் சின்னப் படம், 64 லட்சம் டாலர். பிராட் ஃபீடல் என்பவர் வீட்டோடு வைத்திருந்த சிந்தசைசர்களில் செய்த இசை. அவர் இயந்திரத்தில் சுற்றவிட்ட தாளத் துண்டு, கையால் நிறுத்திய இடம் கொஞ்சம் தவறியதால் 13 எண்ணிக்கையில் சுற்ற ஆரம்பித்தது. அவர் அதைத் திருத்தவில்லை. சொல்லிப் பாருங்கள்: ‘தகிட தகிட தகிட தக தக’. ‘ஹாலோவீன்’ அடியில் இன்னொரு தகிட, அவ்வளவுதான். நாலு எண்ணியே பழகிய காது ஒவ்வொரு சுற்றிலும் கால் தடுக்கும். இயந்திரமோ ஒரு தடவையும் தடுக்காமல் போய்க்கொண்டே இருக்கும். திரையில் வரும் கொலைகார இயந்திரத்தின் குணமும் அதுவே. அந்தத் தீமில் கேட்கும் இரும்படி, ஃபீடல் தன் வீட்டு இரும்பு வாணலியைத் தட்டிப் பதிவு செய்தது. அவருக்குக் கிடைத்தது வாணலி. கும்மிடிப்பூண்டிக்காரராக இருந்திருந்தால் இரும்புப் பில்லட்டே கிடைத்திருக்கும்.

இப்போது அந்த மீதிப் பாதிக்கு வருவோம். கார்ப்பென்டருக்குக் காசு வந்ததா? வந்தது. 1982இல் பெரிய ஸ்டூடியோ, சுமார் ஒன்றரைக் கோடி டாலர் பட்ஜெட்டில் ‘தி திங்’. அன்டார்க்டிகா பனியில் ஓர் ஆராய்ச்சி முகாம், மனிதர் உருவத்தில் ஒளிந்துகொள்ளும் ஒரு வேற்றுக்கிரக ஜந்து. இசைக்கு யாரைப் பிடித்தார்? என்னியோ மோரிக்கோனியை. முழு ஆர்க்கெஸ்ட்ராவையும் அநாயாசமாகக் கையாளும் மேதை. அவர் ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் எழுதினார், சிந்தசைசருக்கும் எழுதினார். படத்தின் முகப்பில் உட்கார்ந்தது சிந்தசைசர்தான்: அடிக்குரலில் ‘தும்-தும்’, இடைவெளி, மறுபடி ‘தும்-தும்’. ஆர்க்கெஸ்ட்ராவுக்குக் காசு இருந்தும் இயக்குநர் அதைத்தான் வைத்துக்கொண்டார். 2016இல் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரை எடுத்தவர்களுக்கும் காசுக்குப் பஞ்சமில்லை. இசை முழுக்கச் சிந்தசைசர். வறுமையால் வீட்டுக்கு வந்த மருமகள், வீட்டு நிர்வாகத்தையே கையில் எடுத்துக்கொண்ட கதை இது.

பொன்னேரியிலும் கவரைப்பேட்டையிலும் திருவள்ளூரிலும் இன்று போனிலேயே குறும்படம் எடுக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பேய்க்கதை என்றால் அவர்களுக்குக் கொள்ளை ஆசை. அன்று வாடகைக்கு எடுத்த கருவி இன்று இலவசச் செயலியாகப் போனுக்குள்ளேயே கிடக்கிறது. ஆயிரம் டோன், ஆயிரத்தையும் தொட்டுப் பார்க்கலாம். அதுதான் சிக்கலே. பேய் வருவதற்கு முன்னாலேயே பத்து விதச் சத்தம் போட்டுவிடுகிறார்கள். காதுக்கு எது மாறியது என்றே தெரிவதில்லை. மில் தம்பி சொன்னது இங்கே செல்லாமல் போகிறது: மாறுவதற்கு முதலில் ஒன்று நிலையாக இருக்க வேண்டுமே.

என்னைக் கேட்டால் ஒரு டோன் போதும். அடியில் வையுங்கள். பார்க்கிறவர் மறக்கும் வரை தொடாதீர்கள். பிறகு ஃபில்டரையோ சுருதியையோ ஒன்றை மட்டும், ஒரே ஒரு தடவை நகர்த்துங்கள். அன்றைக்குக் கையில் இருந்தது ஒரு கீபோர்டு, மூன்று நாள், கடன்காரர். அந்த நெருக்கடி பழையவர்களை அடக்கி வாசிக்க வைத்தது. நெருக்கடி இல்லாத உங்களுக்கு அடக்கம் சொந்தப் புத்தியில்தான் வரவேண்டும்.